வலது பக்கம்

குளச்சல் முதல் தக்கலை வரை
ஒவ்வொரு குழிக்கும் ஒரு டக்.
நெத்திலிப் பெட்டி ஒழுகிய
உப்புத்தண்ணி குடித்து வளர்ந்த சத்தம்.

றசலையன் ஜாக்கி வைத்து
டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார்.
ஆடுகிற பல்லைக் காட்டும் பிள்ளைபோல்
வண்டி காட்டிக்கொடுத்தது.
“எப்பிடிடே இவ்வளவு நாளு ஓட்டுன?”

ஸ்பிளிட் பின் துருவாக உதிர்ந்தது.
ஏழாவது சுத்தியல் அடியில் கழன்ற பால் ஜாயிண்டை
என் உள்ளங்கையில் வைத்தார்:
ரப்பர் கிழிந்து, கிரீஸ் செத்து,
ஒரு நெல்லிக்காய் அளவு.
இதை நம்பியா
இரணியல் வளைவில் லாறியை முந்தினேன்?

“ரெண்டு பக்கமும் மாத்தணும்.”
பாக்கெட்டில் ஒரு பக்கத்துக்குத்தான் ரூவா.

திரும்பி வரும்போது அதே வளைவு.
வலது பக்கம் ஊமை.
அப்போதுதான் கேட்டது,
அதன் மறைவில் இத்தனை நாள்
பைய முனகிக்கொண்டிருந்த
இடது.