ஒரு விரல் பாக்கி

மர்ஃபி டவுன், மூன்றாம் குறுக்குத் தெரு.
மேற்குச் சுவருக்கு வயிறு வந்துவிட்டது.
"எத்தனை மாசம்?" என்கிறாள்
எதிர்வீட்டு ஹபீபுன்னிசா,
குக்கர் கேஸ்கட் வாங்கக் கிளம்பியவள்.

முந்தின வாரம் வந்த இன்ஜினியர்
சுவரைத் தொடவே இல்லை.
படம் எடுத்தார், போனிலேயே கணக்குப் போட்டார்:
இடித்துவிட்டு ஹாலோ பிளாக்,
நாலரை லட்சம், ஜிஎஸ்டி தனி.

எல்லப்பா மேலே ஒரு கட்டையை நீட்டி
நூல் விட்டார்.
குண்டு ஆடி ஆடி நின்றது.
கூரையடியில் இடைவெளி ஆறு விரல்,
ஜன்னலுக்குக் கீழே இரண்டு.
நாலு விரல் வெளியே வந்திருக்கிறதென்று
கன்னடத்தில் சொன்னார்.
பிறகு எனக்காகத் தமிழில்,
தமிழில் சொன்னால் கொஞ்சம் குறையும் என்பதுபோல.

சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே போனவர்
ஓரிடத்தில் நின்றார்.
காலித் தகர டப்பாவின் சத்தம்.
"உள்ள ஆளில்ல."

ஜாக்கி வைத்தோம். உத்திரத்துக்குச் சவுக்கு முட்டு.
எடுக்கவேண்டிய எழுபத்தொரு கல்லுக்கும்
நான்தான் சாக்பீஸால் எண் போட்டேன்.
இரவுத் தூறலில் பாதி கரைந்தது.
காலையில் அது எட்டா மூன்றா என்று
நானும் எல்லப்பாவும் சண்டை போட்டு முடிக்கும்வரை
பொறுத்திருந்த சித்தாள் சகாயமேரி
தன் போனை நீட்டினாள்.
எல்லா எண்ணும் இருந்தன,
ஓரத்தில் அவள் கட்டைவிரலும்.

ஏழாவது கல் வந்ததும் தெரிந்துவிட்டது.
இருந்தது ஒரு சுவர் அல்ல.
வெளியே ஒன்று, உள்ளே ஒன்று,
இரண்டையும் பிடித்துக்கொள்ள
குறுக்கே ஒரு நீளக்கல் கிடையாது.
நடுவில் செம்மண், ஓட்டுச்சில்லு,
சோடா பாட்டில் கோலி ஒன்று.
எல்லாம் ஈரம்.
ஏப்ரலில், ஈரம்.

"யார் இந்த சிமெண்ட் பூசினது?"

நான்தான்.
இரண்டாயிரத்து ஒன்பது, முதல் போனஸ்.
கல்லிடுக்கு ஒன்று விடாமல் அடைத்து
மேலே கறுப்புக் கோடு இழுக்கச் சொல்லி
தெருவில் நின்று நின்று பார்த்தேன்.
மாடிக் குழாய் உள்ளுக்குள் கசிந்துகொண்டிருக்க
தண்ணீர் வெளியேறும் வழி எல்லாவற்றையும்
காசு கொடுத்து மூடியிருக்கிறேன்.
பதினாலு மழைக்காலம்
விழுங்கவும் துப்பவும் முடியாமல்
வாயிலேயே வைத்திருந்திருக்கிறது.

எல்லப்பா திட்டவில்லை.
"நல்ல வேலைதான்" என்றார்
உளியால் அதைப் பெயர்த்துக்கொண்டே,
"கெட்டியா இருக்கு."
திட்டியிருக்கலாம்.

குழாய் மாறியது.
தொட்டியில் சுண்ணாம்பு பத்து நாள் ஊறியது.
சிக்கபள்ளாப்பூரிலிருந்து ஐந்து நீளக்கல்,
வெளியில் தலை, உள்ளே கால்.
அவை படுத்த இடம் போக
பழைய முப்பத்தெட்டாம் எண்
எங்கும் உட்காரவில்லை.
மூன்று பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு
கீழே வைத்தார். இப்போது அது
சரிவில் நிற்கும் ஹபீபுன்னிசாவின் ஸ்கூட்டருக்கு
பின்சக்கரத்தடியில் இருக்கிறது, எண்ணோடு.

கடைசி நாள் நானே நூல் விட்டேன்.
மேல் வரிசையில் இன்னும் ஒரு விரல்.
"அதை இழுத்தா உத்திரம் இறங்கும்.
இருக்கட்டும் விடுங்க."
விட்டேன். கூலியில் பிடித்தம் செய்யவில்லை.

ஜூன். முதல் பெருமழை.
குடையோடு சந்தில் நிற்கிறேன்.
சுவரின் அடியில் விட்ட ஐந்து துளைகளில்
நாலு சும்மா இருக்கின்றன.
ஐந்தாவதில் ஒரு பழுப்புச் சொட்டு,
யோசித்து, விழுகிறது.
பின்னால் இன்னொன்று.

"அய்யோ ஒழுகுது பாருங்க!" என்று
ஜன்னலிலிருந்து ஹபீபுன்னிசா கத்துகிறாள்,
"அவ்ளோ செலவு பண்ணியும்!"

ஆமாம் என்கிறேன்.
அதுக்குத்தான் பண்ணேன்.