ஒரு கரண்டித் தண்ணீர்

மூவாயிரத்து இருநூறு அடியில்
எஞ்சின் ஒருமுறை இருமியது.
பிறகு பேசவில்லை.

விசிறி நின்றுவிட்டது,
ஓர் இதழ் என் கண்ணுக்கு நேரே செங்குத்தாக.
ஒன்பது வருடம் அது சுழல்வதைத்தான் பார்த்திருந்தேன்.
நுனியில் நகக்கீறல்போல் ஒரு வெட்டு இருப்பது
அன்றுதான் தெரிந்தது.

மூக்கைத் தாழ்த்து. அறுபத்தைந்து நாட்.
டேங்கை மாற்று. சூட்டை இழு.
சாவி இடம், வலம், இரண்டும்.
ஒன்றுமில்லை.

பக்கத்து இருக்கையில் விதைக் கம்பெனிக்காரர், தோர்வால்ட்.
ஹெட்போனைக் கழற்றிவிட்டு
"இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறது" என்றார்.

சஸ்காட்செவன் கட்டம் கட்டமாக மேலே ஏறிவந்தது.
கனோலா மஞ்சள், கோதுமைப் பச்சை,
நடுவே வெளிர்நீலமாய் ஓர் ஏரி.
ஏரியை விட்டு விலகித் திரும்பினேன்.
பாதித் திருப்பத்தில்தான் கண்டேன்,
அதன் குறுக்கே டிராக்டர் தடம் இரண்டு.
தண்ணீரில் யார் டிராக்டர் ஓட்டுவார்கள்?

ஆளி பூத்த வயல்.
பகல் ஏறியிருந்தால் பூ உதிர்ந்திருக்கும்,
நானும் ஏமாந்திருக்க மாட்டேன்.

"ஒரு ஷூவைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகுங்கள்" என்றேன்.
அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.
கேள்வி கேட்கவில்லை. முடிச்சு அவிழ்க்கவும் இல்லை,
பிடுங்கினார்.

மின்கம்பி தெரியவில்லை, கம்பங்கள் தெரிந்தன.
இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தாண்டினேன்.
அப்புறம் சக்கரத்தடியில் தண்டுகள்
முரட்டுத் தலையில் சீப்பு ஓடுவதுபோல,
ஒரு குழி, ஒரு பல்கடிப்பு,
நின்றோம்.

கார்னீலியஸ் வீப் பிக்கப்பில் வந்தார்.
முதலில் எங்களை எண்ணினார்: இரண்டு.
அடுத்து நசுங்கிய பயிரைத் தப்படியால் அளந்தார்: நூற்றுப் பதினெட்டு.
"முட்டை சாப்பிடுவீர்களா?" என்றார்.

ஊரில் கேக் வெட்டினார்கள்.
வீப்பின் மனைவி என் கையைப் பிடித்து
"தங்கக் கை" என்று சொன்னாள்.
செவ்வாய்க்கிழமை மெக்கானிக் கார்புரேட்டரைக் கவிழ்த்தான்.
ஒரு கரண்டித் தண்ணீர். அவ்வளவுதான்.

காலையில் எரிபொருளை வடித்தேன்.
கண்ணாடிக் குப்பியை வானத்துக்கு நேரே தூக்கினேன்.
போன் அடித்தது. பேசிக்கொண்டே
குப்பியைப் புல்லில் கொட்டினேன்.
ஏரி என்று எதைக் கண்டு விலகினேனோ அது பூ.
தண்ணீர் என்னோடுதான் பறந்துகொண்டிருந்தது.

படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது, சின்னது.
"வடித்தேன், பார்க்கவில்லை"
அதற்குள் அடங்கவில்லை.
மீதியை ஓரத்தில் எழுதினேன்.

நசுங்கிய ஆளிக்கு வீப் காசு கேட்கவில்லை.
தோர்வால்ட்தான் எழுதியிருக்கிறார்:
இடதுகால் ஷூ, அளவு பதினொன்று,
அறுவடையில் அகப்பட்டால்
சொல்லச் சொல்லுங்கள்.