ஆரம்ப இருப்பு

முதல் பக்கம் என் கையெழுத்து அல்ல.
பள்ளிகொண்டா இளையோர் ஓட்ட மன்றம் என்று
பச்சை மையில் ஜெபராணி டீச்சர் எழுதியது.
ஆரம்ப இருப்பு ரூபாய் நானூற்றுப் பத்து.
அந்தப் பத்து கிழிந்த நோட்டு,
எந்தக் கடையிலும் வாங்கவில்லை,
பசை தடவி அங்கேயே ஒட்டியிருக்கிறார்.
கணக்குப்படி அது பணம்.

செலவென்று என்ன இருந்தது அப்போது?
பாலாறு வறண்டு கிடந்தது.
பாலம் தொடங்கிச் சுடுகாட்டு வேலி வரை
போய்வர இரண்டு கிலோமீட்டர் மணல்,
வாடகை யாரும் கேட்கவில்லை.
வாழைப்பழம் இரண்டு சீப்பு. குளுக்கோஸ்.
ஆம்பூர் கம்பெனி கழித்துப்போட்ட ஷூ, ஜோடி அறுபது.
இரண்டுமே இடதுகாலாக வந்ததைக்
கையிருப்புப் பொருள் என்று எழுதினேன்.

பதிவு செய்தோம்.
அதன்பின் பிள்ளைகள் தின்றதைவிட
ஆடிட்டர் ஃபீஸ் அதிகம்.
குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று
வங்கி அபராதம் பிடித்தது,
இல்லாததிலிருந்து எப்படிப் பிடித்தார்களோ.

டோல்கேட் ஓட்டல்காரர் ஒரு வருடம்
பனியன் கொடுத்தார், முதுகில் பரோட்டா படம்.
முபீனா அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டு ஓடினாள்.
மாவட்டத்தில் மூன்றாவது.
மறுவருடம் அவர் கொடுக்கவில்லை.

ஊரடங்கு வருடம்தான்
முதன்முதலாய் உபரி காட்டினோம்.
யாரும் ஓடவில்லை.
"நல்லா பண்ணியிருக்கீங்க சார்" என்றார் ஆடிட்டர்.
ஒன்பதாயிரத்து இருநூறு.
அந்த எண்ணின் கீழ் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

பிறகு ஒரு நவம்பரில்
ஆறு வந்தது.
ஊரே பாலத்தில் நின்று பூப் போட்டது,
செல்ஃபி எடுத்தது. நானும் கும்பிட்டேன்.
கும்பிட்ட கையோடு போய்க்
காலேஜ் மைதானத்துக்கு விலை கேட்டேன்:
மாதம் மூவாயிரம், லைட்டு தனி.
மூன்றே மாதத்தில் உபரி தீர்ந்தது.
மைதான வாடகை என்றெழுதி, காரணம் என்ற இடத்தில்
தண்ணீர் என்று மட்டும் போட்டேன்.
ஆடிட்டர் சிவப்பில் சுழித்துத்
தண்ணீர்க் கேனுக்கு பில் எங்கே என்று கேட்டிருக்கிறார்.

இந்த மார்ச்சில் இறுதி இருப்பு நானூற்று முப்பத்தொன்று,
பசையில் இருக்கும் பத்தையும் சேர்த்து.
மணல் பாதி தெரிகிறது.
நடுவில் முழங்கால் அளவு ஓடை,
சுற்றிப்போகச் சொன்னால் எவனும் கேட்பதில்லை,
இறங்கித்தான் ஓடுகிறான்கள்.
நனைந்த ஷூவுக்குள் திணிக்கப் பழைய செய்தித்தாள்
கிலோ பதினெட்டு.
அதற்கொரு புதுப் பக்கம் திறந்தேன்.