கணக்கீடு

மேல்விஷாரத்தில் முஷ்தாக் வெல்டிங் வைத்துக் கொடுத்த வண்டி
மினி லாரியில் நின்றபடியே வந்து இறங்கியது.
ஒரு ஹெர்குலிஸின் முன்பாதி, ஒரு பி.எஸ்.ஏ.வின் பின்பாதி,
நடுவில் புதுக் குழாய், காயாத பெயிண்ட் வாசனை.
போன மாதம் கடைக்கு வரச்சொல்லி
தையல்காரர் மாதிரி எங்கள் கால்களை அளந்திருந்தார்:
இவருக்கு முப்பத்திரண்டு அங்குலம், எனக்கு இருபத்தெட்டு.
நித்திலாவுக்குக் கேரியரில் ஒரு நாற்காலி.
பெடல் இல்லை. மணி மட்டும் அவளுடையது.

யார் முன்னால் என்று யாரும் கேட்கவில்லை.
ஏகாம்பரம் ஏறினார். நான் பின்னால்.

காங்கேயநல்லூர்ப் பக்கம், பாலாற்றை ஒட்டிய மண்சாலை.
காலை ஐந்தே முக்கால்.
நேற்றைய வெயில் இன்னும் மதில்களில் மிச்சமிருந்தது.
முதல் நாள் ஏழு முறை விழுந்தோம்.
எட்டாவது முறை விழவில்லை,
கிளம்பவே இல்லை.

பின்சீட்டிலிருந்து பார்த்தால்
உலகம் என்பது ஒரு சட்டை.
ஈரம் காலரில் தொடங்கி இடுப்புக்கு இறங்குவது தெரியும்.
குழி வருவது தெரியாது,
வந்தபின் முதுகுத்தண்டு சொல்லும்.
“முன்னாடியே சொல்லக் கூடாதா?”
“பாத்துதான ஓட்டறேன்.”
பார்த்தவர் அவர். குலுங்கியவள் நான்.

நான் மின்வாரியத்தில் கணக்கீட்டாளர்.
எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும்,
குழாய் பதித்து மூடாமல் விட்ட பள்ளம் எங்கே,
எந்தச் சாக்கடை மூடி கால் வைத்தால் ஆடும்,
எல்லாம் பதினாறு வருடமாக
என் பாதத்தில் எழுதியிருக்கிறது.
நான்காம் நாள் இறங்கி நின்றேன்.
“எறங்குங்க. நான் முன்னால.”
அவர் சிரித்தார். முஷ்தாக் எடுத்த அளவு என்றார்,
சீட்டு உயரம் என்றார், பிரேக் உனக்குக் கெட்டி என்றார்.
நித்திலா மணி அடித்தாள், நீளமாக.
அதன்பிறகு ஸ்பேனர் தேடுவதுதான் பாக்கி.

நடைபோகிற ஒருவர் நின்று பார்த்தார்:
“இன்னா சார், இன்னிக்கு நீங்க கண்டக்டரா?”

முன்னால் உட்கார்ந்தவளுக்கு வாய் ஓயவில்லை.
மேடு. மணல். இன்னும் மணல்.
மாடு. மாடு போகுது, போயிடுச்சு.
இடப்பக்கம் சாயறேன். பால்வண்டி.
நிறுத்துங்க, நிறுத்துங்க. இப்ப மிதிங்க.
பின்னால் ஒரு பதிலும் இல்லை.
மிதிக்கிறாரா, கால் வைத்துச் சவாரி வருகிறாரா?
திரும்பிப் பார்த்தால் மூவரும் ஆற்றில்.
அதனால் சங்கிலியிடம் கேட்டேன்.

அவர் மிதித்தால் என் பெடல் இலேசாகும்.
வலது இலேசு. இடது கனம்.
வலது இலேசு. இடது கனம்.
ஒரு சுற்று இரண்டு சுற்று அல்ல,
தென்னந்தோப்பு வரைக்கும்
இடது பக்கம் வரும்போதெல்லாம்
பூட்டிய வீட்டு மீட்டர் மாதிரி
எண் நகரவே இல்லை.

மாடிப்படியில் ஏன் கைப்பிடியைத் தேடுகிறார்,
கல்யாண வீட்டில் பாய்ப்பந்தியை விட்டு
ஏன் நாற்காலிக்குக் காத்திருந்தார்,
போன வாரம் செருப்பை ஏன் காலாலேயே தேடினார்
என்று வரிசையில்லாமல் வந்துகொண்டிருந்தது எனக்கு.

“முட்டியா?” என்றேன், சாலையைப் பார்த்தபடி.
மூச்சு மட்டும் கேட்டது.
“எவ்ளோ நாளா?”
“தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து.”
இது ஆனி மாதம்.

கோபம் வந்தது.
இறங்கிச் சண்டை போட நினைத்தேன்,
இறங்கினால் மறுபடி கிளப்ப வேண்டும்.
கோபத்தோடு மிதித்தேன்.
வண்டி என்னவோ அன்றைக்குத்தான்
நேர்க்கோட்டில் போனது.

“அம்மா, அப்பா ஒரு கால தூக்கிட்டாரு!”
மணியடித்துக் காட்டிக்கொடுத்தாள் நித்திலா.

“தூக்கட்டும்” என்றேன்.
“மேடு வருது. சொல்லிட்டேன்.”