மேய்ச்சல் நிலம் என்ற கட்டம்

ஏழாம் இலக்கப் போத்தலைத் திறந்தால்
ஆய்வுகூடம் முழுக்கக் கிடாய் மொச்சை.
துவாரகன் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறந்தான்.
அந்த மணத்துக்குப் பெயர் இருக்கிறது என்றேன்:
கப்ரோயிக், கப்ரிலிக், கப்ரிக்.
மூன்று அமிலமும்
ஆட்டின் பெயரையே வேற்றுமொழியில் சுமந்து திரிகின்றன.
கிருமிக்கு ஆகாது, வயிற்றுக்கு லேசு.
சந்தையில் முகம் சுளிக்க வைப்பதும்
மருந்தாவதும்
ஒரே கொழுப்புத்தான்.

பிறகு சர்க்கரைகள்.
குடிக்கிற பிள்ளைக்கு அவற்றில் சில செமிக்காது.
பிள்ளையின் குடலில் குடியிருக்கும்
கண்ணுக்குத் தெரியாத சனத்துக்கு அது சாப்பாடு.
ஒரு மறி தன் குட்டிக்குச் சுரக்கையில்
குட்டியின் விருந்தாளிகளுக்கும் சேர்த்தே சுரக்கிறது.
இதை நான் அறிக்கையில் எழுதவில்லை.
அங்கே மில்லிகிராமுக்கு மட்டும் இடம்.

அறிவியல் நகரில் பின்னேரம் மூன்று மணி.
கரண்ட் ஒருக்காப் போய் வந்தது.
திரும்ப ஓடவிட்ட இயந்திரம்
ஏழில் மட்டும் ஒரு கோட்டை
டவர் உயரத்துக்கு எழுப்பியது:
இலையிலிருந்து பாலுக்கு இறங்கும் பீனோல்.
மற்ற ஆடுகளைவிட மூன்று மடங்கு.
பிழை என்று நினைத்தேன்.
இரண்டாம் தரமும் அதே டவர்.

திலகேஸ்வரிக்குக் கோல் எடுத்தேன்.
"அக்கா, ஏழாம் ஆடு என்ன தின்டது?"
"ஏழாமோ? ஆர், சொக்கியோ?
அது கயித்தை அறுத்துக்கொண்டு
சிவப்புப் போட்டுக்கு அங்காலயெல்லோ போறது.
நல்ல பத்தை. ஆர் போய் வெட்டுறது அங்க?
சூரை, விடத்தல், கிளுவை,
பேர் தெரியாத கொடியளும் கிடக்கு.
நான் இஞ்சால நிண்டு கூப்பிடுவன்.
வயிறு நிரம்பினாத்தான் வரும்."
கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்:
"ஏன், பால் நல்லமோ?"

மண்டையோடு வரைந்த பலகை.
அதற்கப்பால்
பதினைந்து வருடமாய் மண்வெட்டி படாத,
மருந்தடிக்காத மண்.
ஆடு மட்டும் அதில் காலை வைக்கிறது.
பலகை வாசிக்க அதற்குத் தெரியாது.

நல்லம் என்றேன். மிக நல்லம்.
இனிக் கயித்தை இரட்டையாய்க் கட்டுங்கோ என்றேன்.
"அப்ப பால் குறையுமே, பிள்ளை."
"குறையட்டும்."

படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்தது:
மேய்ச்சல் நிலம்.
பெறுபேற்றைப் பார்த்தால் பேராசிரியர்
ஏழிலிருந்து இன்னும் பத்து மாதிரி கேட்பார்.
ஊரின் பெயரை எழுதினேன்.
வெட்டினேன்.
மிதிவெடிப் பலகைக்கு அப்பால்,
மாதிரி இனிக் கிடைக்காது என்று எழுதினேன்.

போத்தலை இரண்டு தரம்
சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன்.
மணம் போகவில்லை.