இது குப்பை அல்ல

காலையில் நாற்பத்தொன்று.
பல் துலக்கி வருவதற்குள் நாற்பத்தாறு.
சுங்கத்தில் நிற்கிறதாம் எனக்கொரு பார்சல்.
இருபத்தொரு நாளில் முடி முளைக்குமாம்.
முன்பே ஒப்புதலான கடன் ஒன்பது லட்சம்.
கூட்டுறவுச் சங்கத்தில் நாற்பதாயிரம் நகைக்கடனுக்கு
நாலு நடை நடந்தவன் நான்.

அடியில், பொடி எழுத்தில், 'விலக விரும்பினால்'.
அமுக்கினேன்.
ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டார்கள்.
எங்கள் பதினோராம் நம்பர் வாய்க்காலில்
நெய்வேலிக் காட்டாமணக்கும் அந்த ஜாதிதான்.
வெட்டிப் போட்ட துண்டெல்லாம்
விழுந்த இடத்தில் வேர்விடும்.

சட்டம் இருக்கே என்றான் மச்சினன் சந்திரகாசன்.
திருவாரூருக்குப் பஸ் ஏறினேன்.
சைபர் பிரிவு ஏட்டு நல்ல மனுஷர்,
நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.
"பணம் எவ்வளவு போச்சு?"
போகவில்லை.
"அப்ப எதுக்கு வந்தீங்க?"
போனுக்கு வருவதற்கு விதி உண்டாம்,
புகாருக்கு நம்பரும் கெடுவும் உண்டாம்.
மெயிலுக்கென்று தனியாக எதையும்
தான் படித்ததில்லை என்றார்.
சுவரில் ஒட்டியிருந்த சட்டப் பிரிவுகளை
இருவரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தோம்.
எதற்கும் ஒரு மனு கொடுங்கள் என்றார்.
படிவத்தின் முதல் கட்டம்: மின்னஞ்சல் முகவரி.
மறுநாள் நாற்பத்தேழாவதாக அது வந்தது.
எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

மூணாறு தலைப்புக்குக் கீழே எங்கள் மதகுக்கும்
ஷட்டர் இருக்கிறது, பூட்டு இருக்கிறது.
சாவி வைத்திருந்த லஸ்கர் ஓய்வுபெற்றுப் போய்
மூன்று வருஷம்.

அதைத்தான் எழுதினேன்,
மேட்டூர் திறந்த நாளிலிருந்து வாரம் ஒன்றாக,
பாசனப் பிரிவு அலுவலகத்துக்குப் பதினோரு மனு.
பதில் இல்லை. நேரில் போனேன், நீடாமங்கலம்.
தையல்நாயகி மேடம் பெட்டியைத் தேடினார்.
"உங்க பேர்ல ஒண்ணும் வரலியே சார்."
பிறகு ஓரத்தில் இருந்த இன்னொரு பெட்டியைத் திறந்தார்.

இருந்தேன்.
முடி முளைக்கும் தைலத்துக்கும்
வெளிநாட்டு லாட்டரிக்கும் நடுவே
பாசன சங்கச் செயலாளர் கோவி. அரசமுத்து.
நாலுதான் மிச்சம்.
முப்பது நாளானால் தானாக அழிந்துவிடுமாம்.
"தலைப்புல அவசரம் அவசரம்னு
மூணு வாட்டி போட்டிருக்கீங்க.
மெஷின் எப்படி சார் நம்பும்?"
ஒவ்வொன்றாய் அமுக்கினார்: இது குப்பை அல்ல.
இது குப்பை அல்ல.
நாலு முறையும் நான் எழுந்து நின்றேன், ஏனோ.

அன்று ராத்திரி என் குப்பையைத் திறந்தேன்.
இத்தனை வருஷத்தில் முதல் தடவை.
ஆயிரத்துச் சொச்சம்.
பன்னிரண்டாம் பக்கத்தில்,
கிரெடிட் கார்டுக்கு அடியில், தமிழில் ஒன்று.
தலைப்பு: அவசரம்.
இருபத்தெட்டு நாள் பழசு.

"ஐயா, கடைமடையிலிருந்து சேக்தாவூது.
உங்க எல்லையில காட்டாமணக்கு அடைச்சு நிக்குது.
நாத்து காயுது.
வெட்ட ஆள் நாங்க அனுப்புறோம்,
அரிவாளும் எங்களுது.
சரின்னு ஒரு வார்த்தை போட்டா போதும்."

அடியில் போன் நம்பர்.
மணி பத்தாகியிருந்தது. அடித்தேன்.
மூன்றாவது மணியில்,
தெரியாத நம்பர் இல்லையா,
வெட்டிவிட்டார்.