ஒரு நூல் ஆழம்

மரத்தில்தான் முதலில் தெரிந்தது.
களியல் சரிவில் நாலாவது வரிசை,
நெற்றிவிளக்கு வெளிச்சத்தில்
கத்தி ஒரு நூல் ஆழமாய் இறங்கித்
தடியைத் தொட்டுவிட்டது.
பால் சாலை மாறி
சிரட்டைக்கு வெளியே சொட்டிற்று.

பதினெட்டு வருசமாய்ப் பிசகாத கை.
முதலாளி காயத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
அடுத்த மரத்துக்குப் போனார்.

எனக்குத் தெரியும் அந்தக் காயத்தை.
அப்பா கடைசியாய் வெட்டிய மரங்களில்
இன்னும் முண்டு முண்டாய் நிற்கிறது.

அப்பா குடித்ததில்லை.
குலசேகரம் சந்தையிலிருந்து
கால் அகட்டி மீனோடு வருவார்.
"கொச்சுமணிக்கு காலம்பறயே கேறியாச்சு" என்பார்கள்.
நாக்குக் குழறியது, அதுவும் சாட்சியாயிற்று.
சபையில் பெயரை வெட்டினார்கள்.
அம்மாகூட ஒருநாள்
தூங்குகிறார் என்று நினைத்து
அவர் வாயை மோந்து பார்த்தாள்.
அவர் தூங்கவில்லை.

ஆசாரிபள்ளத்தில் டாக்டர்
டைல்ஸ் கோட்டைக் காட்டி
குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து
நடக்கச் சொன்னார்.
நாலாவது அடியில் சுவர் என்னைப் பிடித்தது.
என் விரலைத் தொடுங்க, உங்க மூக்கைத் தொடுங்க.
விரல் காற்றில் ஏதோ ஈயைத் தேடியது.

சிறுமூளை சுருங்குகிறது என்றார்.
ரத்தத்தில் ஒரு மூன்றெழுத்து
நிறுத்தத் தெரியாமல் திக்குகிறதாம்.
தலைமுறை இறங்க இறங்கத்
திக்கல் நீளலாமாம், முந்தியும் வரலாமாம்.
மருந்து?
பயிற்சி இருக்கு, கைத்தடி இருக்கு,
விழாம பாத்துக்கோங்க.

திரும்பும் பஸ்ஸில் எல்லாரும் ஆடினார்கள்.
திருவட்டார் வரை எனக்கு நோயே இல்லை.

ஒட்டுக் கன்றுக்குத் தாய்மரம் அப்படியே வரும்,
பாலும் பட்டையும்.
பிள்ளைக்குப் பாதிக்குப் பாதிதானாம்,
துட்டைச் சுண்டுவது மாதிரி.
தம்பி வில்பிரடுக்கு அறிய வேண்டாம்.
"தெரிஞ்சா மட்டும் நேரே நடப்பனா?"
போனை வைத்துவிட்டான்.

அபிஷாவுக்குப் பத்தொன்பது.
ஷீட் காயப்போடும்போது கேட்டாள்,
எனக்கும் ரத்தம் எடுக்கணுமா?
அது உனக்க இஷ்டம் மக்களே,
இன்னைக்கே வேண்டாம் என்றேன்.
பாதி வார்த்தை குழைந்துபோயிற்று.
மீதியை அவளே கேட்டுக்கொண்டாள்.

ராத்திரி சபைக் கமிட்டிக்கு
அவள் கையால் ஒரு மனு எழுதினோம்.
கொச்சுமணி குடிகாரர் அல்ல.
இணைப்பு: மகளின் ரிப்போர்ட் நகல்.

கையெழுத்து மட்டும் நான் போட்டேன்.
லில்லிபாய் என்ற பெயர் கோட்டைத் தாண்டி
தாளின் ஓரம்வரை ஓடிற்று.
வேற பேப்பர் எடுக்கவா என்றாள்.

வேண்டாம்.
அப்படியே மடக்கு.